வீட்டுல அரிசி இருக்கா?

2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் அரசாங்கம் நோய்ப்பரவல் எச்சரிக்கையை மஞ்சள் நிலையிலிருந்து ஆரஞ்சு நிலைக்கு உயர்த்தியது. அன்று மாலையே பேரங்காடிகளில் வரிசை நீண்டது. அரிசி, மேகி மீ, டின் சாமான், கழிவறைத் தாள் இருந்த அடுக்குகள் காலியாகிவிட்டன. இரண்டு நாள் கழித்து ஃபேர்பிரைஸ் கடைகளில் ஆளுக்கு 2 மூட்டை அரிசி, 4 கட்டு மீ, 4 கட்டு தாள் என்று வரம்பு வைத்தார்கள். அடுத்த மாதம் 16ஆம் தேதி இரவு மலேசியப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, 18ஆம் தேதியிலிருந்து மக்கள் நடமாட்டக் கட்டுப்பாடு என்று அறிவித்தார். இடையில் இருந்தது ஒரே ஒரு முழு நாள். அந்த ஒரு நாளில் இங்கே முட்டையும் ரொட்டியும் அரிசியும் பட்ட பாடு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கார்டினியா ரொட்டி ஒரு பொட்டலம் கிடைத்தவர் அதைப் படம் பிடித்து வாட்சாப்பில் போட்ட காலம் அது.

கூடவே ஏளனமும் வந்தது. தள்ளுவண்டி நிறைய சாமான் வைத்திருந்தவர்களின் படங்கள் பரவின. சிங்கப்பூரில் அதற்கு 'கியாசு' என்று பழைய பெயரே உண்டு. இங்கே, 'நாளைக்கே உலகம் அழிஞ்சிடுமா?' என்று கேட்டார்கள். பீதி, சுயநலம், அறியாமை என்ற மூன்று சொற்களில் விஷயத்தை முடித்துவிட்டோம்.

எனக்கு அது அவ்வளவு சுலபமாக முடியக்கூடிய விஷயமாகப் படவில்லை. ஆபத்து வருகிறது என்றதும் அரிசிப் பானையைத் திறந்து பார்க்கிற பழக்கத்துக்கு இந்த மண்ணில் நூறு வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் பயம் ஒரு பகுதிதான். யாருக்குச் சேர்த்துவைக்க முடிந்தது, யாருக்கு முடியவில்லை, யார் சேர்த்தால் 'இருப்பு', யார் சேர்த்தால் 'பதுக்கல்' என்பதுதான் மீதி.

தோட்டத்து அரிசி

மலாயா அரிசி விளைகிற நாடுதான். கெடாவும் கிளந்தானும் பிறகு சிகிஞ்சானும் நமக்குத் தெரிந்த பெயர்கள். ஆனால் ரப்பரும் ஈயமும் இந்த நாட்டை நிரப்பிய வேகத்துக்கு வயல் ஈடுகொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு மலாயா சாப்பிட்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம், இந்தோசீனா ஆகிய இடங்களிலிருந்து கப்பலில் வந்தது. தோட்டத்துத் தமிழன் சாப்பிட்டது பெரும்பாலும் ரங்கூன் அரிசி. பர்மாவில் விளைந்து, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, தோட்டத்துக் கடைக்கு வந்து, அங்கிருந்து லயத்து அடுப்புக்குப் போனது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அடுப்பு எரியாது.

தொழிலாளியிடம் அரிசி வந்து சேர்ந்த விதத்தையும் பார்க்க வேண்டும். பல தோட்டங்களில் நிர்வாகமே மொத்தமாக அரிசி வாங்கி, ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. மற்ற சாமானுக்கு கங்காணி கடையோ, சீனர் கடையோ, செட்டு முறைக் கடனோ. 1920களின் இறுதியில் தோட்டத் தொழிலாளியின் நிர்ணயக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கையில் வருவது போன மாதக் கடனை அடைக்கத்தான் சரியாக இருக்கும். இந்த மாதச் சாப்பாடு அடுத்த மாதச் சம்பளத்தில் கழியும். இப்படி வாழ்கிறவன் எதைச் சேர்த்துவைப்பான்? ஊரில் குதிரும் பத்தாயமும் பார்த்து வளர்ந்தவர்கள்தான். லயத்தில் ஒரே அறை. ஒரு மண்ணெண்ணெய் டின், ஒரு பானை, அளக்க ஒரு காலிப் பால் டின். பதினைந்து நாளைக்கு மேல் அரிசி அந்த அறையில் தங்கியதில்லை.

1918 அக்டோபரில் இன்ஃபுளுவென்சா மலாயாவைத் தாக்கியது. தோட்டங்களில் ஆள்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்தார்கள், பலர் எழவில்லை. படுத்தவனுக்குப் பேர் போட மாட்டார்கள், பேர் இல்லையென்றால் கூலி இல்லை. நோய் தணிந்த கையோடு அரிசிப் பஞ்சம். இந்தியாவில் மழை பொய்த்ததால் பர்மா அரிசி வெளியே போகாமல் கட்டுப்படுத்தப்பட்டது. 1919இல் சயாமிலும் விளைச்சல் கெட்டு, அந்நாடு அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தது. மலாயா அரசாங்கம் அரிசியைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, வாங்கிய விலைக்குக் கீழே விற்று, நஷ்டத்தைத் தாங்க வேண்டி வந்தது. சொந்தமாக அரிசி விளைவிக்காத தேசம் எவ்வளவு பலவீனமானது என்று அப்போதுதான் அதிகாரிகளுக்கு உறைத்தது.

அதன் விளைவாக ஒரு சுவாரசியமான விதி வந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, குடும்பம் உள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிர் செய்யவோ மாடு கட்டவோ தோட்டம் ஒதுக்க வேண்டும். கணக்குப் போட்டால் 2,700 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு லயத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் துண்டு நிலம் ஞாபகம் இருக்கும். முருங்கை, மரவள்ளி, வாழை, கத்தரி, இரண்டு மாடு, நாலு கோழி. கடையில் வாங்கிச் சேர்க்க முடியாதவனின் களஞ்சியம் அது. பணம் உள்ளவன் மூட்டையில் சேர்த்தான். இல்லாதவன் மண்ணில் சேர்த்தான்.

நெருக்கடி தணிந்ததும் கப்பல் மறுபடியும் வந்தது. நாடும் மறுபடியும் ரங்கூனை நம்பிச் சாப்பிட்டது.

நூற்றெண்பது நாள்

சிங்கப்பூர்க் கோட்டை முற்றுகையிடப்பட்டால் உதவி வரும்வரை எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒரு கணக்கு இருந்தது. 70 நாள் என்றார்கள், பிறகு 90, ஐரோப்பாவில் போர் தொடங்கியதும் 180. அதற்கேற்ப உணவு இருப்பும் சேர்க்கப்பட்டது. கிடங்குகளில் அரிசியும் மாவும் டின் உணவும் அடுக்கப்பட்டன. காகிதத்தில் பார்த்தால் அது ஒழுங்கான ஏற்பாடு.

1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 11ஆம் தேதி பினாங்கில் குண்டு விழுந்தது. சில நாள்களில் ஐரோப்பியர்கள் தீவைக் காலி செய்து கிளம்ப, எஞ்சிய மக்களுக்குள் ஒழுங்கைக் காக்க ஒரு குழு அமைந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. அந்த நாள்களில் பினாங்கில் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. அதைக் கொள்ளை என்று எழுதுவது எளிது. ஆட்சி செய்தவனே சொல்லாமல் கப்பலேறிவிட்ட ஊரில், நாளைக்குக் கடை திறக்குமா என்று தெரியாதவன் இன்றைக்கு ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தான். எல்லோரும் பசிக்காகத்தான் தூக்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பசிக்காகத் தூக்கியவர்களும் அதில் இருந்தார்கள்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. போர் தொடங்கி 70ஆவது நாள். 180 நாள் கணக்கில் பாதிகூடத் தேறவில்லை. புக்கிட் தீமா பக்கம் இருந்த ராணுவ உணவுக் கிடங்குகள் எதிரியின் கையில் போய்விட்டன. ஆனால் கடைசியில் கையை மடக்கியது அரிசி அல்ல, தண்ணீர். ஜொகூர் நீர் நின்றுபோய், தீவின் நீர்த்தேக்கங்களும் எதிரி வசமாகி, குண்டுவீச்சில் குழாய்கள் உடைந்து, அகதிகள் வந்து நிரம்பிய நகரம் தவித்தது. எதைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

அதன் பிறகு வந்ததைத்தான் நம் தாத்தா பாட்டிகள் 'ஜப்பான்காரன் காலம்' என்றார்கள். வருடம் சொல்ல மாட்டார்கள். 'ஜப்பான்காரன் காலத்துல பொறந்தவன்', 'ஜப்பான்காரன் காலத்துல செத்துப்போனாரு' என்றுதான் சொல்வார்கள். சிங்கப்பூரில் முதலில் ஆளுக்கு மாதம் 20 காட்டி அரிசி என்று பங்கீடு இருந்தது. ஒரு காட்டி 600 கிராமுக்குச் சற்று அதிகம். ஆக 12 கிலோ. 1944 வாக்கில் அது ஆணுக்கு 8 காட்டி, பெண்ணுக்கு 6, குழந்தைக்கு 4 என்று சுருங்கியது. 8 காட்டி என்றால் நாளைக்கு 160 கிராம். ஒரு வேளைக்கே பற்றாது. பர்மாவும் சயாமும் ஜப்பானியர் கையில்தான் இருந்தன, அங்கே அரிசியும் இருந்தது. ஏற்றிவரக் கப்பல் இல்லை. வாழை மர நோட்டு கட்டுக்கட்டாக இருந்தும் கறுப்புச் சந்தையில் ஒரு பிக்குல் அரிசிக்கு ஆயிரக்கணக்கில் கேட்டார்கள்.

மரவள்ளிக் கிழங்கு ஒரு தலைமுறையைக் காப்பாற்றியது. அதே கிழங்கு அந்தத் தலைமுறைக்கு வெறுத்தும் போனது. அவித்து, சுட்டு, மாவாக்கி, இலையைக் கீரையாக்கி எல்லா விதத்திலும் சாப்பிட்டார்கள். சமையலுக்குச் செம்பனை எண்ணெய். 'கெழங்கு திங்காத நாளில்ல' என்று சொன்ன பாட்டிகள் பிற்காலத்தில் அதைத் தட்டில் கண்டாலே எழுந்து போனார்கள். ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனபின் லயங்களில் எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் அந்தத் துண்டு நிலத்தால்தான் பிழைத்தார்கள். நகரத்தின் பசியைக் குறைக்க ஜப்பானியர் ஆள்களைக் காட்டுக்கு அனுப்பினார்கள். சீனர்களுக்கு எண்டாவ், யூரேசியர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் நெகிரி செம்பிலானில் பஹாவ். பஹாவில் மலேரியா பலரைக் கொண்டுபோனது.

போர் முடிந்த உடனே பஞ்சம் முடியவில்லை. 1946 ஜூனில் சிங்கப்பூர் அரசாங்கம் 'மக்கள் உணவகம்' திறந்து 35 காசுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட்டது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தால் அரிசியும் வரும் என்று காத்திருந்தவர்கள் பங்கீட்டு அட்டையோடு இன்னும் பல வருடம் வரிசையில் நின்றார்கள்.

நம் வீடுகளில் அரிசிப் பானையை அடிவரை வழிக்க விட மாட்டார்கள். அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்லக் கூடாது. 'அரிசி நெறஞ்சிருக்கு' என்று சொல்ல வேண்டும். இது ஊரிலிருந்து வந்த பழக்கம். ஆனால் ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்தவர் வீட்டில் அதற்கு இன்னொரு அழுத்தம் இருந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு மூட்டை, அலமாரிக்கு மேலே பிஸ்கட் டின்னில் கருவாடு, பழைய புட்டியில் உப்பு. கேட்டால், 'ஒனக்கு என்னடா தெரியும்' என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

துளையிட்ட டின்

அடுத்து வந்த காலத்தில் சேர்த்துவைப்பதே குற்றமானது.

1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமானது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு ஊருக்குள்ளிருந்துதான் போனது. 1950இல் பொறுப்பேற்ற பிரிக்ஸின் திட்டப்படி சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டு வேலி போடப்பட்டன. 1951இல் உணவுக் கட்டுப்பாடு இறுகியது. அரிசி பங்கீட்டு அளவுக்கு மேல் வீட்டில் இருக்கக் கூடாது. வேலி வாசலைத் தாண்டி உணவு போகக் கூடாது. கடையில் டின் சாமான் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே அதில் துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

அந்தத் துளையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு சார்டின் டின்னின் மதிப்பே அது கெடாமல் இருப்பதில்தான் இருக்கிறது. துளை போட்டதும் அது இன்றைக்கே தின்ன வேண்டிய மீன். நாளை என்ற ஒன்றையே அந்தத் துளை எடுத்துவிடுகிறது. சில இடங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், பச்சரிசியாகவே கொடுக்காமல் பொதுச் சமையலறையில் வடித்த சோறாகக் கொடுத்தார்கள். சோறு இந்த வெயிலில் மறுநாள் புளித்துவிடும். யாருக்கும் கடத்த முடியாது. எதிரியைப் பட்டினி போடும் திட்டம் என்ற அளவில் அது வேலை செய்தது. ஆனால் வேலிக்குள் இருந்தவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், தன் வீட்டில் நாலு நாளைக்குச் சோறு இருக்கிறது என்ற நிம்மதியை வைத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி இல்லை.

பால்மரம் சீவப் போகிறவர்கள் விடியற்காலையில் கிளம்பி மதியம்தான் திரும்புவார்கள். தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவது தோட்டத்து வழக்கம். அதுவும் தடையானது. வாசலில் உடம்பைத் தடவிச் சோதித்தார்கள். 1956 தொடக்கத்தில் செமினியில் பெண்களைச் சோதித்த முறை பற்றி எழுந்த புகார் அதிகாரபூர்வ விசாரணை வரை போனது.

உணவைத் தண்டனையாகவும் பயன்படுத்தினார்கள். 1952 மார்ச் 25 அன்று தஞ்சோங் மாலிம் அருகே நடந்த தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். புதிதாக வந்திருந்த ஹைகமிஷனர் டெம்பிளர் நேரில் போய் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டித் திட்டிவிட்டு, நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்தார். அரிசிப் பங்கீட்டையும் வெட்டினார். கடை திறந்திருந்தது தினம் இரண்டு மணி நேரம். தகவல் சொல்லாத ஊருக்கு இந்தத் தண்டனை. அந்த ஊரில் போராளிக்கு உதவியவன் இருந்திருக்கலாம், பயத்தில் வாய் மூடியவன் இருந்திருக்கலாம், எதுவுமே தெரியாத பிள்ளைகள் கட்டாயம் இருந்திருக்கும். எல்லோருக்கும் ஒரே அளவு.

ஜப்பானியர் காலத்தில் அரிசி இல்லை. அவசரகாலத்தில் அரிசி இருந்தது, வைத்துக்கொள்ளத்தான் முடியவில்லை. பத்து பன்னிரண்டு வருட இடைவெளியில் இந்த இரண்டையும் பார்த்த ஒரு தலைமுறை, 1969 மே மாதம் கோலாலம்பூரில் ஊரடங்கு என்றதும் என்ன செய்திருக்கும் என்று யோசித்தால் போதும். ஊரடங்கு தளர்த்தப்பட்ட கொஞ்ச நேரத்தில் கடைக்கு ஓடியவர்களுக்கு எதை முதலில் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கிழக்குக் கரையின் கணக்கு

பயத்தில் வாங்குவது வேறு, பருவம் தெரிந்து வாங்குவது வேறு. இரண்டாவதை நன்றாக அறிந்தவர்கள் கிழக்குக் கரை மலாய்க்காரர்கள். நவம்பர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், படகு இறங்காது, ஆறு ஏறும். அதற்கு முன்பே மீனைக் காயப்போட்டு, நெத்திலியில் புடு ஊறவைத்து, அரிசியும் விறகும் தேங்காயும் சேர்த்துவிடுவார்கள். வீடு கம்பத்தின் மேல்; சாமான் வீட்டுக்குள் உயரத்தில். 1926இல் கிளந்தானில் வந்த வெள்ளத்தை அவர்கள் இன்னும் 'செந்நீர் வெள்ளம்' என்றுதான் சொல்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் வருகிற விருந்தாளிக்குச் செய்கிற ஏற்பாடு மாதிரி அது. அதை யாரும் பதுக்கல் என்று சொன்னதில்லை.

ஆனால் அந்தக் கணக்கும் பொய்த்தது. 2014 டிசம்பர் இறுதியில் வந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். குவாலா கிராய் பக்கம் கம்பத்து வீடுகளையே ஆறு இழுத்துப் போனது. வீடே இல்லாதபோது வீட்டில் வைத்த அரிசி எங்கே?

2021 டிசம்பரில் அதே பாடம் மேற்குக் கரைக்கு வந்தது. 17ஆம் தேதி தொடங்கிய மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. பருவமழை என்பது கிழக்கில் நடக்கிற விஷயம் என்று நினைத்திருந்த கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் கூரைமேல் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்தார்கள். அந்த வெள்ளத்தில் நாட்டில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் சமையலறை, கீழ்த்தளத்தில் குளிர்சாதனப் பெட்டி, கீழ்த்தளத்தில் அரிசி. தரைவீட்டுக்காரர் சேர்த்தது அத்தனையும் முதல் ஒரு மணி நேரத்தில் போயிற்று. தண்ணீர் சூழ்ந்த கடையை உடைத்துச் சிலர் உணவை எடுத்த காட்சி பரவியபோது, 1941இல் பினாங்கு பற்றி எழுந்த அதே வாதம் எண்பது வருடம் கழித்து மறுபடியும் எழுந்தது.

அரசாங்கத்தின் பானை

குடும்பம் சேர்ப்பது போலவே அரசாங்கமும் சேர்க்கிறது. 1971இல் மலேசியாவில் தேசிய நெல் அரிசி வாரியம் உருவானது. பிறகு அதன் வேலைகள் பெர்னாஸ் நிறுவனத்துக்குப் போயின. அவசரக் கையிருப்பைப் பராமரிப்பதும் அதில் ஒன்று. 1973இல் உலகெங்கும் அரிசி விலை ஏறி, தாய்லாந்து ஏற்றுமதியை நிறுத்தியபோது சிங்கப்பூரில் வியாபாரிகள் பதுக்குகிறார்கள் என்ற கோபம் கிளம்பியது. அந்த ஆண்டு ஜூலையில் தோ பாயோவில் தொழிற்சங்கம் தொடங்கிய 'வெல்கம்' அங்காடிதான் இன்றைய ஃபேர்பிரைஸின் முன்னோடி. விலையை அடக்கவே அது பிறந்தது. 1990இலிருந்து சிங்கப்பூரில் அரிசி இறக்குமதி செய்கிறவர் இரண்டு மாத அளவுக்கு அரிசியைக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

2003இல் சார்ஸ் வந்தபோது இந்த ஏற்பாட்டின் ஒரு ஓட்டை தெரிந்தது. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் நோய் பரவியதால் அதை மூடினார்கள். அரிசி கிடங்கில் இருந்தது. கீரையும் காய்கறியும்தான் கிடைக்கவில்லை. 1942இல் அரிசி இருந்து தண்ணீர் இல்லாமல் போனதை இது ஞாபகப்படுத்துகிறது.

அரசாங்கம் இரண்டு மாதத்துக்குச் சேர்த்தால் அதற்குப் பெயர் உணவுப் பாதுகாப்பு. வியாபாரி சேர்த்தால் பதுக்கல். மாதச் சம்பளக்காரர் சேர்த்தால் பீதி. நாள்கூலிக்காரர் சேர்த்தால்? அதற்குப் பெயரே இல்லை, ஏனென்றால் அது நடப்பதே இல்லை.

யாரால் முடிந்தது?

2020 மார்ச் 17க்குத் திரும்புவோம். கையில் இருப்பது ஒரு நாள். அன்று அங்காடிக்குப் போய் 300 வெள்ளிக்குச் சாமான் வாங்க வேண்டுமானால் மாதத்தின் நடுவில் கையில் 300 வெள்ளி இருக்க வேண்டும். வங்கி அட்டை இருக்க வேண்டும். ஏற்றிவரக் கார் இருக்க வேண்டும். வைக்க இடம் வேண்டும், குளிரூட்டி வேண்டும். நாம் கேலி செய்த அந்தத் தள்ளுவண்டிக்குப் பின்னால் இவ்வளவு வசதியும் இருந்தது. மலிவுவிலை அடுக்குமாடியில் இருந்தவர், பகுதிநேரப் பாதுகாவலர், ஒப்பந்தத் துப்புரவாளர், தோட்டம் துண்டாடப்பட்டபின் நகர ஓரத்துக்கு வந்த குடும்பம் ஆகியோர் அன்றைக்குக் கடைக்குப் போனது அன்றைய தேவைக்கு. அங்கே அடுக்கு காலியாக இருந்தது.

இவர்களுக்கு முன்பு ஓர் ஏற்பாடு இருந்தது. மூலை மளிகைக் கடையும் அங்கே தொங்கிய '555' குட்டிப் புத்தகமும். பக்கத்துக்குப் பக்கம் அரிசி, சீனி, மைலோ, முட்டை என்று எழுதி, சம்பளம் வந்ததும் அடித்துவிடுவார்கள். அதில் கடன்காரனாக இருப்பதன் அவமானமும் உண்டு, கூடுதல் விலையும் உண்டு. ஆனாலும் கஷ்டகாலத்தில் 'அண்ணே, எழுதிக்குங்க' என்று சொல்ல ஒரு வாசல் இருந்தது. பேரங்காடியில் அந்த வாசல் இல்லை. பணம் செலுத்தும் இயந்திரத்திடம் யாரும் 'எழுதிக்குங்க' என்று சொல்ல முடியாது.

கட்டுப்பாடு தொடங்கியபின் குடும்பத் தலைவர் மட்டும் 10 கிலோமீட்டருக்குள் கடைக்குப் போகலாம் என்றார்கள். கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் கடையிலிருந்து மனைவிக்கு வீடியோ அழைப்பு போட்ட கணவர்களைப் பார்த்து நாடே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஓர் உண்மையும் இருந்தது. வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது, எண்ணெய் எப்போது தீரும், எந்தப் பருப்பில் வண்டு விழும் என்ற கணக்கு முழுக்கப் பெண்களின் தலையில்தான் இருந்துவந்திருக்கிறது. பங்கீட்டு வரிசையில் நின்றதும், தான் கிழங்கு தின்று பிள்ளைக்குச் சோறு வைத்ததும், முள்வேலி வாசலில் சோதனைக்கு நின்றதும் அவர்கள்தான். உணவு இருப்பின் வரலாறு என்று நாம் எழுதுவதில் அதிகாரிகளின் பெயர் வருகிறது. பானையைப் பார்த்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

2021 ஜூனில் மீண்டும் முழு அடைப்பு. அம்மாத இறுதியில் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டும் இயக்கம் தொடங்கியது. சாப்பாட்டுக்கு வழியில்லை, யாராவது உதவுங்கள் என்பதற்கு அடையாளம் அந்தத் துணி. அரசியல்வாதிகளில் சிலர் அதைத் தோல்வியின் சின்னம் என்று குறைசொன்னார்கள். ஆனால் அக்கம்பக்கத்தார் அரிசியோடு போய் நின்றார்கள். பழைய சட்டையையும் தலையணை உறையையும் ஜன்னலில் கட்டிய அந்த வீடுகள்தான், பதினைந்து மாதங்களுக்கு முன் அடுக்குகள் காலியானபோது வெறுங்கையோடு திரும்பியவை.

2023இல் நோயும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் 1 முதல் இங்கே இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. 10 கிலோ 26 வெள்ளி என்று விலை கட்டப்பட்ட உள்ளூர் அரிசி கடைகளிலிருந்து மறைந்தது. மக்கள் பீதியில் வாங்குகிறார்கள் என்ற விளக்கம் அப்போதும் வந்தது. ஆனால் இரண்டு அரிசிக்கும் இடையே விலை அவ்வளவு விலகினால், மலிவானதை எல்லோரும் தேடுவார்கள் என்பதற்குப் பீதி தேவையில்லை. 1919இல் ரங்கூனும் சயாமும் கதவைச் சாத்தியபோது நடந்ததுதான் இது.

அடுத்த நெருக்கடி என்ன பெயரில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வருகிற நாளிலும் தள்ளுவண்டிப் படங்கள் பரவும். அப்போது கேட்க வேண்டியது அந்த வண்டியில் எத்தனை மூட்டை இருக்கிறது என்பதை அல்ல. உங்கள் மாடியில், உங்கள் தெருவில், அந்த வரிசைக்கே வர முடியாத வீடு எது என்று பாருங்கள். கதவைத் தட்டிப் பழைய பாட்டிகள் கேட்ட அதே கேள்வியைக் கேட்கலாம்: 'வீட்டுல அரிசி இருக்கா?'